முதுகு உருட்டிய கத்தி

ஜூன் 3, செவ்வாய்

கிரைண்டரில் பெல்ட் மாற்றினேன். நேற்றே மாற்றியிருக்க வேண்டியது. மாற்றிவிட்டதாகச் செபாஸ்டின் சொன்னான், மாற்றவில்லை. கத்திகளுக்குப் பிடி போடுவது அவன் வேலை. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறான், அந்த உரிமையில் பொய் சொல்கிறான். கேட்டதற்கு, "மாத்தோணும்னு நெனச்சேனுங்ணா. நெனச்சது வாயில அப்படி வந்துருச்சு" என்றான். காலையிலேயே தொண்டை வலிக்கக் கத்தினேன்.

பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து ஃபோன். மகள் தாரணி சமையல் பயிற்சியில் இருக்கும் ஹோட்டலின் தலைமை செஃப், ஜெயச்சந்திரன். நான் அவளுக்குச் செய்து கொடுத்த கத்தியைச் சமையலறையில் பார்த்தாராம்.

"யார் செஞ்சதுன்னு கேட்டேன், அப்பான்னு சொன்னா. அது இப்ப என்கிட்டதான் இருக்கு. ட்ரெய்னிக்கு எதுக்கு மாஸ்டர் இவ்ளோ நல்ல கத்தி?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "என் கைக்குன்னு ஒண்ணு செஞ்சு குடுங்க."

"செஞ்சிரலாமுங்க சார். புள்ள எப்படீங்க?"

"நல்லா வருவா. கை கொஞ்சம் ஸ்லோ. சரி பண்ணிடலாம்."

ஜூலைக் கடைசியில் பயிற்சி முடிகிறது. சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் இவர். அது இருந்தால் கப்பலிலும் வெளிநாட்டு ஹோட்டல்களிலும் கேள்வி கேட்காமல் எடுப்பார்கள் என்று தாரணி சேரும்போதே சொன்னாள். இந்தக் கத்தியில் சிறு குறையும் இருக்கக் கூடாது.

பழைய கத்தியை அனுப்பச் சொன்னேன். ஆர்டர் கொடுப்பவர் தினமும் பிடித்த கத்தியை வாங்கி வைத்து, நம் வீட்டுச் சமையலறையில் ஒரு வாரம் காய் நறுக்கிப் பார்ப்பேன். எங்கே பிடித்தார், எங்கே அழுத்தினார் என்பதைத் தேய்மானம் காட்டிவிடும். வாயால் சொல்வதை நம்பிச் செய்தால் கத்தி திரும்பி வரும்.

ஜூன் 6, வெள்ளி

கூரியர் வந்தது. வெளிநாட்டுக் கத்தி, நல்ல எஃகு. பிடியை ஒட்டிய பகுதியில் கூர் குழிந்திருக்கிறது. எடையை அங்கே போட்டு நறுக்குகிறவர். முனை கெடவில்லை, கவனமான ஆள்.

முதுகுதான் புரியவில்லை. கத்தியின் முதுகில் ஓரங்கள் கூர்மையாக இருந்தால் விரலை அறுக்கும். அதனால் பிடிக்கு அருகே, ஆள்காட்டி விரல் உட்காரும் இடத்தில், ஓரத்தை உருட்டிவிடுவோம். இவர் கத்தியில் அங்கே உருட்டவில்லை. முன்பாதியில், முனைப் பக்கமாக உருட்டியிருக்கிறது. கம்பெனி செய்ததல்ல. யாரோ கல்லில் தேய்த்திருக்கிறார்கள், அதுவும் கோணலாக.

ஃபோன் செய்து கேட்டேன்.

"ஆமா மாஸ்டர், அங்கதான் வேணும். வளையல் மாதிரி இருக்கணும். தொட்டா வெட்டக் கூடாது."

"அங்க யாரு வெரலுமே போகாதுங்களே சார்."

"நீங்க செய்ங்க மாஸ்டர். போன மாசம் அதுல ஒரு சின்னப் பிரச்சனை வந்துடுச்சு."

என்ன பிரச்சனை என்று சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் கூச்சம். மகள் அவரிடம் வேலை பார்க்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

தாரணி வந்து நிற்கிறாள். ஃபோன் இல்லை, தகவல் இல்லை. காலை ரயிலில் வந்தாளாம். ஏன் என்றால் லீவு என்கிறாள். பயிற்சி முடிய ஆறேழு வாரம்தான் இருக்கிறது, இப்போது என்ன லீவு? இடது கையில் நான்கு விரலுக்கும் சேர்த்து பேண்டேஜ். ஓவன் தட்டு சுட்டுவிட்டதாம்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். குடிக்காமல் திரும்பி வந்து பையோடு கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். என் மனைவி ருக்குமணி சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பின்னால் போய்ப் பார்த்தேன், தண்ணீர்க் குடத்தருகே ஒன்றும் இல்லை. பலகையில் பாதி வெட்டிய சுரைக்காயும் செஃப் கத்தியும்தான் இருந்தன.

"உங்க செஃப் கத்திதான் அம்மிணி அது. எனக்கு ஆர்டர் குடுத்திருக்காரு" என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தட்டு சுட்டதற்கெல்லாம் ஊருக்கு ஓடி வந்தால் இந்தத் தொழில் எப்படிச் செய்வாள்? கம்பெனி டூல் ரூமில் வேலை பார்த்த காலத்தில் எனக்கு நகம் பெயர்ந்த நாளிலும் இரண்டாவது ஷிஃப்ட் பார்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

முதுகு விஷயம் பிடிபட்டது. நண்டு! ஓட்டை உடைக்கக் கத்தியைத் திருப்பி முன்பாதி முதுகால் தட்டுவார்கள். ஓரம் கூர்மையாக இருந்தால் ஓடு சிதறித் துணுக்கு சதையில் கலந்துவிடும். உருட்டியிருந்தால் அடி பரவும், சுத்தமாக விரியும். செபாஸ்டினிடம் சொன்னேன்.

"நண்டு ஒடைக்க மரச்சுத்தி வெச்சிருப்பாங்களேங்ணா" என்றான்.

"உனக்கு எல்லாம் தெரியும், பெல்ட்டு மாத்தறதைத் தவிர."

தட்டுவதற்கு என்றால் உருட்டினால் மட்டும் போதாது, முன்னால் எடையும் வேண்டும். சாதாரணமாக முதுகு முனையை நோக்கி மெலிந்துகொண்டே போகும். இதில் பாதிவரைக்கும் கனத்தை அப்படியே விட்டு, அதன்பிறகு மெலிய வைக்கப்போகிறேன். கையை ஓங்க வேண்டியதே இல்லை. மணிக்கட்டு அசைந்தால் எடை தானாக விழும். அவர் கேட்காததையும் யோசித்துச் செய்தால்தான் அது ஒருவரின் கைக்கென்று செய்த கத்தி. அலுமினியத் தகட்டில் அச்சு வெட்டிப் பார்த்தேன். அழகாக வந்தது.

ஜூன் 12, வியாழன்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. கையால் அரம் போட்டோம். செபாஸ்டின் பிடிக்கு ஈட்டி மரத்தை வெட்டி, ஆணி ஓட்டையைத் தள்ளிப் போட்டுவிட்டான். நல்ல கட்டை, வீண். கை நழுவி அரம் அவன் முட்டியில் பட்டது. வீக்கம் பெரிதில்லை. மதியம் வீட்டுக்குப் போய்விட்டான்.

தாரணி பட்டறைப் பக்கமே வருவதில்லை. முன்பெல்லாம் லீவில் வந்தால் கிரைண்டரை விட்டு இறங்க மாட்டாள்.

ஜூன் 14, சனி

ஃபர்னஸ் வேலை. எஃகை ஆரஞ்சு நிறத்துக்குக் காய்ச்சி எண்ணெயில் இறக்கினேன். கோணல் இல்லை. கனத்த முதுகு முன்பக்கம் பிளந்துவிடுமோ என்று பயந்தேன், ஒரு கீறல்கூட இல்லை. பிறகு மிதமான சூட்டில் இரண்டு தடவை வைத்து எடுத்தேன். எஃகு நன்றாக இறுகிவிட்டது, அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்குகிறது.

வீட்டில் வேறொரு வேடிக்கை. ருக்குமணிக்குச் சளி, தாரணி சமைக்கிறாள். கீரையைக் கையால் கிள்ளுகிறாள். அவரையை ஒடித்துப் போடுகிறாள். தக்காளியைப் பிசைகிறாள். கத்தியைத் தொடுவதே இல்லை. "ஹோட்டல்ல இதுதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றேன். ருக்குமணி என்னை முறைத்தாள். எதற்கு முறைத்தாள் என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

ஞாயிறு இரவு ரயிலுக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன், அவளுக்கும் எனக்கும். கத்தியையும் கொடுத்து அவளையும் விட்டு வருவேன். அவளிடம் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

பிடி ஏறிவிட்டது. முதுகைக் கடைசியாக மெருகிட்டேன். விரலை ஓட்டினால் வளையல்தான். வீட்டுக்குள் எடுத்துப் போய் மேஜையில் உட்கார்ந்திருந்தவளிடம் காட்டினேன்.

"எடை எங்க விழுதுன்னு பாரு" என்று கத்தியைத் திருப்பி முதுகால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். இருபத்திரண்டு வயதுப் பெண். அடுப்படியில் வேலை செய்கிறவள் ஒரு சத்தத்துக்கு இப்படித் துள்ளினால் யார் வேலை கொடுப்பார்கள்? அதைத்தான் கேட்டேன், கொஞ்சம் சத்தமாக. ருக்குமணி வந்து நாற்காலியை நிமிர்த்தினாள். "ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?" என்றாள். என்னிடம் அவள் இப்படிப் பேசியதில்லை.

ஜூன் 19, வியாழன்

கத்தி கொடுப்பதற்கு முன் வெங்காயம் நறுக்கிப் பார்ப்பது வழக்கம். தாரணிதான் நறுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வெகுநேரம் கழித்து வந்தாள். பேண்டேஜை அவிழ்த்திருந்தாள்.

கை ஸ்லோவாம். அவள் நறுக்கிய வேகத்துக்கு என் கண்ணால் ஈடுகொடுக்க முடியவில்லை. விரல்களை உள்ளே மடக்கி, கணுக்களைக் கத்திக்குக் காட்டி வெங்காயத்தைப் பிடித்திருந்தாள். அப்போது நான்கு விரலிலும் நான்கு தழும்பு. ஆள்காட்டி விரலில் ஆழமாக, சுண்டுவிரலில் மங்கலாக. முடித்துவிட்டுக் கத்தியை வைத்தாள், இடது கையைப் பலகையில் விரித்து ஊன்றினாள். தனித்தனியாக இருந்த நான்கு தழும்பும் ஒரே கோடாகிவிட்டன. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

தட்டு சுட்டால் கோடு விழாது. பலகையில் விரித்து வைத்த கையின் குறுக்கே ஒரு நீளமான பொருள் விழுந்தால்தான் அப்படி விழும். முன்பாதி முதுகுக்குப் போகிற விரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவனா?"

"எல்லாருக்கும்தாம்ப்பா. எனக்கு மட்டுமில்ல."

"எதுக்கு?"

"துண்டு ஒரே அளவா இல்லீன்னா கையை வெக்கச் சொல்லுவாரு. நாமளேதான் வெக்கோணும். எடுத்தா இன்னொண்ணு." வெங்காயத்தைப் பாத்திரத்தில் தள்ளிக்கொண்டே சொன்னாள். "மே மாசம் ஒரு பையனுக்குத் தோலு கிழிஞ்சு ரத்தம் வந்துருச்சு. அவங்க வீட்ல இருந்து வந்து சத்தம் போட்டாங்க. அதுக்கப்பறம்தான் உக்காந்து கல்லுல தேச்சாரு. இப்ப ரத்தம் வராது, தழும்பும் வலியும் மட்டும்தான்."

கத்தியை எடுத்து முதுகில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"நீங்க இன்னும் நல்லா உருட்டிட்டீங்க. வெயிட்டும் முன்னால வெச்சுட்டீங்க. பாலிஷ் நல்லா வந்திருக்குதுப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பட்டறைக்குப் போய்க் கத்தியை வைஸில் இறுக்கி, சுத்தியலை எடுத்தேன். உடைக்கவில்லை. ஏன் என்று எழுதப்போவதில்லை.

ஜூன் 20, வெள்ளி

போலீசுக்குப் போகலாம் என்றேன். வேண்டாம் என்கிறாள். கிளம்பும்போதே ஹோட்டல் நிர்வாகத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அவளோடு இன்னும் இரண்டு பேர் பேசுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டு பேரைச் சம்மதிக்க வைக்கத்தான் இத்தனை நாள் ஃபோனும் கையுமாக இருந்திருக்கிறாள். நான் அதற்கும் திட்டினேன். திங்களன்று விசாரணை.

"நான் வந்து அவன் கையை ஒடைக்கறேன்."

"உங்களுக்கு ஒடைச்சா முடிஞ்சுது. நான் அப்பறம் எந்தக் கிச்சன்ல போயி நிக்கறது? அடிச்சாருன்னு நான் சொல்லோணும்ப்பா. நான் சொல்லி அவங்க கேக்கோணும்."

"அடிக்கறவன்கிட்ட என்ன கண்ணு பேச்சு?"

"செபாஸ்டின் அண்ணன் முட்டி இன்னும் வீங்கித்தான் இருக்குது. அவரு உங்ககூடப் பேசிட்டுத்தானே இருக்காரு?"

அது வேறு. அரம் கை நழுவியது.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு என்னைக் கூட்டிப்போகச் சம்மதித்தாள். நான் ஹோட்டலின் பின்கேட்டிலேயே நிற்க வேண்டும்.

ஜூன் 21, சனி

ஜெயச்சந்திரன் ஃபோன் செய்தான். "மாஸ்டர், கத்தி ரெடியா?" புகார் யார் கொடுத்தது என்று அவனுக்கு இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. திங்களன்று நேரில் கொண்டு வருகிறேன் என்றேன். "வாங்க வாங்க, கிச்சனைச் சுத்திக் காட்டறேன்" என்றான்.

வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்குத் தாரணி ஆபீஸ் கட்டடத்துக்குள் போனாள். "இங்கயே நில்லுங்கப்பா" என்றாள். நின்றேன். கொஞ்ச நேரம்தான். பிறகு செக்யூரிட்டியிடம் செஃப் பெயரைச் சொன்னேன். அவன் ஃபோனில் கேட்டுவிட்டு உள்ளே அனுப்பினான்.

பெரிய சமையலறை. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வரிசையாக நின்று நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. ஜெயச்சந்திரன் ஒல்லியான ஆள், கண்ணாடி போட்டவன், நல்ல மரியாதை. கைநீட்டினான். கத்தியை யார் கையிலும் நேராகக் கொடுப்பதில்லை, பலகையில் வைத்தேன். அவன் எடுத்து முதுகைத் தடவினான்.

"சூப்பர் மாஸ்டர். இதேதான்."

"கை அளவு ஒண்ணு பாக்கோணுமுங்க சார். எடது கையைப் பலகையில விரிச்சு வையுங்க."

"பிடிக்கிறது ரைட் ஹேண்ட் மாஸ்டர்."

"இந்தக் கத்திக்கு எடது கைதானுங்க அளவு."

நறுக்கும் சத்தம் நின்றது. பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது, அவனுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே கையை வைத்தான். நான் கத்தியைத் திருப்பி, முதுகு கீழே பார்க்கப் பிடித்தேன். அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இருந்தது, ஆனால் அசையாமல் இருந்தது. ஓங்கி இறக்கினேன். விரலுக்கு ஓரங்குலம் தள்ளிப் பலகையில் விழுந்தது. ஒட்டுப் போட்ட பலகை, ஒட்டில் பிளந்தது. அவன் பின்னால் பாய்ந்து அலமாரியில் முட்டிக்கொண்டான்.

"கையை எடுத்துட்டீங்களே சார். எடுத்தா இன்னொண்ணுன்னு சொல்லுவீங்களாமே?"

யாரோ ஒரு பெண் சிரித்தாள். அவ்வளவுதான். நான்கு செக்யூரிட்டிகள் வந்தார்கள். கத்தியைப் பிடுங்கினார்கள். பையில் இருந்த அவன் பழைய கத்தியையும் எடுத்துக்கொண்டார்கள்.

ரயில் நிலைய நடைமேடையில் தாரணி சொன்னாள்.

"பாதி சொல்லியிருந்தேன். விசாரிக்கற அந்தம்மா எழுதிட்டிருந்தாங்க. அப்ப ஃபோன் வந்துச்சு, கிச்சன்ல யாரோ கத்தியைக் காட்டி மிரட்டறாங்கன்னு. எழுதறதை நிறுத்திட்டாங்க. வெளிய உக்காந்திருந்த ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"அவன் மூஞ்சி போன போக்கை நீ பாத்திருக்கோணும் அம்மிணி."

"எனக்கு எதுக்குப்பா அவன் மூஞ்சி?" அந்த நடைமேடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "என் கைதானே? என் கையைப் பத்தி என்னையத்தானே கேக்கோணும்? அவனும் கேக்கல, நீங்களும் கேக்கல!"

ஜூன் 26, வியாழன்

ஹோட்டலிலிருந்து தாரணிக்குச் சொல்லியிருக்கிறார்கள். வெளியாள் புகுந்து மிரட்டியதாக ஜெயச்சந்திரன் கொடுத்த புகாரைத்தான் முதலில் பார்ப்பார்களாம். நான் நேரில் வந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டால் அதை முடித்துவிட்டு அவள் புகாரைத் தொடர்வார்களாம்.

அவனிடம். நான்.

தாரணி இதை ஒரு செய்தியைப்போலச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். செய் என்று சொல்லவில்லை.

ஜூன் 27, வெள்ளி

முடியாது.

ஜூன் 29, ஞாயிறு

முடியவே முடியாது. ருக்குமணி சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். தாரணி ஒரு கல்யாணச் சமையல்காரரிடம் காய் நறுக்கப் போகிறாள். மகராசி, அங்கே கத்தியைத் தொடுகிறாள்.

ஜூலை 1, செவ்வாய்

இரண்டு ஆர்டர் பாக்கி. ஒன்றில் கூர் எரிந்து நீலம் பாய்ந்துவிட்டது, நான் கிரைண்டரில் அழுத்திய அழுத்தில். தூக்கி மூலையில் எறிந்தேன். செபாஸ்டின் சாதாரணமாக ஒதுங்கினான். நான் எறிவதற்கு முன்பே ஒதுங்கிவிட்டான்.

"என்னடா, ஒதுங்கற?"

"பழக்கமுங்ணா."

பிறகு பிடிக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே சொன்னான். "மெட்ராஸுக்குப் போயி மன்னிப்புக் கேக்கறது உங்களுக்குச் செரமமாத்தான் இருக்குமுங்ணா. பழகாத வேலை. என்கிட்ட ஒருக்கா கேட்டுப் பழகிக்கிட்டுப் போங்க."

வெளியே போடா என்றேன். சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனான். முட்டியை நீட்டித்தான் நடக்கிறான்.

ஜூலை 2, புதன்

செபாஸ்டினிடம் பேசினேன். என்ன பேசினேன் என்று எழுதத் தேவையில்லை. அவன், "செரியாச் சொல்லலீங்ணா, இன்னொருக்கா" என்றான். அடிக்கப் போனேன், போகவில்லை.

திங்களன்று வருகிறேன் என்று ஹோட்டலுக்குச் சொல்லச் சொல்லித் தாரணியிடம் சொன்னேன்.

ஜூலை 7, திங்கள்

ஏசி அறை. நீள மேஜை. ஒரு பக்கம் விசாரணை நடத்தும் அம்மாள், அருகில் இரண்டு அதிகாரிகள். எதிரே ஜெயச்சந்திரன், இஸ்திரி போட்ட சட்டையில். தாரணியை வெளியே உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்து நின்றேன்.

"அன்னிக்கு நான் கிச்சனுக்குள்ள வந்து கத்தியை ஓங்குனது தப்புங்க. மன்னிச்சுக்கோங்க."

சொல்லி முடித்தபோது வாயில் துருப்பிடித்த இரும்பின் சுவை.

"பரவால்ல மாஸ்டர்" என்றான். "ஒரு அப்பாவோட கோபம் எனக்குப் புரியாதா? நானும் இப்படித்தான் அடி வாங்கி வந்தவன். வலிக்காம யாரும் செஃப் ஆனதில்ல." எழுந்து கையை நீட்டினான். வலது கை.

அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குலுக்கினேன். மெத்தென்ற கை. அதை விடுவதற்கு எனக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று அவனுக்குத் தெரியாது.

அவனையும் என்னையும் வெளியே அனுப்பிவிட்டுத் தாரணியைக் கூப்பிட்டார்கள். என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் கேட்டுக்குப் போய் நின்றேன்.

வெயில் ஏறியது. வெள்ளைச் சட்டையில் ஒரு பெண் கிச்சன் வாசலிலிருந்து வந்தாள். என்னைத் தாண்டிப் போனவள் நின்றாள்.

"தாரணி அப்பாவா அங்கிள்?"

"ஆமா கண்ணு."

"பலகையப் பொளந்துட்டுப் போய்ட்டீங்க. ஸ்டோர்ல இன்னும் வேற தரல. ரெண்டு வாரமா ஒடஞ்சதுல வெட்டிட்டிருக்கேன்." அன்று சிரித்தவளின் குரல்.

"நீ இப்ப எங்க போற?"

"ஆபீசுக்கு. அவ கூப்ட்டிருக்கா." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இன்னொருத்தன் வர மாட்டேன்னுட்டான். பரவால்ல. நீங்க இங்கயே இருங்க அங்கிள், ப்ளீஸ். உள்ள வந்துடாதீங்க."

நின்றேன். மதியச் சாப்பாட்டு வேளை தாண்டிய பிறகு தாரணி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிவு எழுத்தில் வருமாம், நாளாகுமாம், சான்றிதழ் பற்றி இப்போது பேச்சில்லையாம். தெருவில் நடக்க ஆரம்பித்த பிறகு அவளாகவே சொன்னாள்.

"அவரு சும்மா வெளையாட்டுக்குத் தட்டறதாச் சொல்லியிருக்காருப்பா. பேப்பர்ல அப்படித்தான் எழுதி வெச்சிருந்தாங்க, லேசாகத் தட்டினார்னு. ரெண்டு கத்தியும் மேஜையிலதான் இருந்துச்சு. நான் கையை விரிச்சு மேஜை மேல வெச்சேன். மேடம், அந்தப் பழைய கத்தியைத் திருப்பி என் கை மேல வையுங்க, அடிக்க வேண்டாம், சும்மா வையுங்கன்னேன்."

"வெச்சாங்களா?"

"எடுத்தாங்க. திருப்புனாங்க. என் கைக்கு மேல வரைக்கும் கொண்டாந்தாங்க." சாலையைக் கடக்க ஒரு பஸ்ஸுக்காக நின்றாள். "அப்படியே வெச்சுட்டிருந்தாங்க. நான் கையை எடுக்கல. அவங்களால முடியலப்பா. கத்தியைக் கீழ வெச்சுட்டு, பேப்பர்ல இருந்த 'லேசாக'ங்கறதை அடிச்சுட்டாங்க."